மீன்காரக்காவுக்கே பிடிச்சிருக்கு

அந்த விளம்பரம் முதன்முறை ரேடியோவில் வந்தபோது ஜூடியின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை ஐஸ் தண்ணீரில் இருந்தன. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய இறால் ஷெட் அது. நாற்பது பெண்கள் நீளமான மேஜைகளின் இரு பக்கமும் நின்று காலை ஏழு மணியிலிருந்து இறால் உரிப்பார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை உருவி ஐஸில் போட வேண்டும். கப்பலேறிப் போகும் சரக்கு. வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கட்டும் என்று மேஸ்திரி அப்பாவு ஒரு ரேடியோவை வாங்கி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். புதிதாக வந்திருந்த எஃப்எம் நாளெல்லாம் அதில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் ஒரு கிதார் கேட்டது. சாணைக்கல்லில் கத்தியை வைத்து எடுப்பது போல் வெட்டி வெட்டி விழும் அந்தக் கிதாரை ஜூடிக்கு இருபத்து நாலு வருஷமாகத் தெரியும். தலையை நிமிர்த்தினாள். கிதாரை மறித்துக்கொண்டு ஒரு பொம்பளையின் குரல் வந்தது.

"வலிச்சா வலிக்குதுன்னு கத்துவான்!"

உடனே ஒரு நாய் குரைத்தது. அதே குரல் எலிக்குஞ்சு கத்துவது போல் வேகமாக, "கத்துவான் கத்துவான் கத்துவான்" என்றது. நாய் மறுபடி குரைத்தது. கூட்டமாக யாரோ சிரித்தார்கள். பிறகு ஒரு வாலிபனின் வழவழப்பான குரல்: "காசிமேடு மீன்காரக்காவுக்கே பிடிச்சிருக்கு! அப்போ உங்களுக்கு? கிரீக் டாக்ஸ்! இங்கிலாந்துலேர்ந்து நேரா சென்னைக்கு! பிப்ரவரி எட்டு, ஞாயித்துக்கெழமை!"

அந்தக் கரகரத்த குரல் தன்னுடையது என்று ஜூடிக்குப் புரிவதற்குள் எதிர் மேஜையில் நின்ற குப்பம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அய்ய! இது நம்ம ஜூடிமே!" என்று அவள் கையைத் தட்டினாள். நாற்பது பேரும் சிரித்தார்கள். ஓரத்திலிருந்து ஒருத்தி நாய் மாதிரி குரைத்துக் காட்டினாள்.

ஜூடிக்கு முதலில் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. நாம் இவ்வளவு கரடுமுரடாகவா பேசுகிறோம் என்று நினைத்தாள். அப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே என்பதற்காகத்தான் பின்னால் அவளுக்கு வயிறு எரிந்தது. முப்பத்தாறு வயதில், தான் பிறந்த தெருவின் பேச்சைப் பேசியதற்காக அவளை ஒரு நிமிஷம் வெட்கப்பட வைத்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். இரண்டு நாளைக்கு முன், சாப்பாட்டு நேரத்தில், அதே ரேடியோவில் ரிக்கி என்ற அறிவிப்பாளன் ஒரு போட்டி வைத்தான். கிரீக் டாக்ஸ் என்ற இங்கிலாந்துப் பாட்டுக் குழுவைப் பற்றி மூன்று கேள்வி. மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால் கச்சேரிக்கு இரண்டு பாஸ். ஜூடி சோற்றுத் தூக்கை அப்படியே மூடி வைத்துவிட்டு வெளியே ஓடினாள். பெட்டிக்கடையில் தொங்கிய ஒரு ரூபாய் போனில் ஒன்பது முறை முயன்ற பிறகு லைன் கிடைத்தது.

அவளுக்குத் தெரியாத கேள்வி எதையும் அவர்களால் கேட்டிருக்க முடியாது. அண்ணன் இக்னேஷியஸ் துறைமுகத்தில் லாஞ்சுப் படகில் வேலை பார்த்த காலத்தில், சரக்குக் கப்பல் ஒன்றின் இங்கிலீஷ்கார எஞ்சின் அறைக் கூலியாள் ஒருவன் பொட்டலம் பொட்டலமாக வறுத்த நெத்திலியைத் தின்றுவிட்டு, கைமாறாக அந்தக் குழுவின் கேசட் ஒன்றைக் கொடுத்திருந்தான். ஜூடிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ராயபுரத்து வீட்டில் ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள், ஒரு டேப்ரெக்கார்டர். அக்கம்பக்கத்தில் எல்லாம் சினிமாப் பாட்டு; மாதா கோயிலில் வேறு பாட்டு. இது இரண்டிலும் சேராதது. பாடுகிறவன் பெயர் லென் பிரிஸ்கோ. அவன் பாடினால் லாரிக்கு வழிவிடாத ரிக்‌ஷாக்காரன் சண்டை பிடிப்பது போலிருக்கும். அவன் மவுத் ஆர்கன் ஊதினால் ராயபுரம் கூட்ஸ் வண்டி நடுத்தெருவில் வந்து நின்று ஊதுவது போலிருக்கும்.

"இவன் பாடுறது ஒரு எழவும் புரியலியே" என்று அவள் சொன்னபோது இக்னேஷியஸ் சிரித்தான். "இங்கிலீஷ் படிச்சவனுக்கே புரியாதுடி. கப்பல்ல வெள்ளக்கார ஆபீசருங்க இத்தக் கேட்டா மூஞ்சச் சுளிப்பானுங்க. இது அவங்க ஊரு ஆர்பர் பாஷ. ஒரு பக்கம் எண்ணெய்க் கம்பெனி, ஒரு பக்கம் சேறு, நடுவுல கடல் உள்ள பூர்ற கழி, அத்தத்தான் கிரீக்குன்றான். அங்க பொறந்த பசங்க. நம்ம எண்ணூரு மாதிரின்னு வெச்சிக்கோயேன். இங்கிலீஷ்லயும் நம்ம பாஷ ஒண்ணு கீது."

ஜூடிக்கு அது போதுமாக இருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று ஷெட்டுக்கு வந்தபோதும், முதல் வருஷம் விரல்கள் இறால் முள் குத்திச் சீழ் பிடித்தபோதும், சாவியோவைக் கட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனபோதும் கேசட் கூடவே வந்தது. நாடா நாலு தடவை அறுந்தது. நகப்பூச்சு வைத்து ஒட்டினாள். அட்டையில் பொடி எழுத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து மனப்பாடம் பண்ணியிருந்தாள். அழுகிற பாட்டுகள் அவளுக்குப் பிடிக்காது. இவன் அழமாட்டான். அடிவாங்கினவன் அழாமல் எழுந்து வந்து வாசலில் நின்று கத்துகிற கத்தல் அது. வேறெந்தப் பாட்டிலும் அது அவளுக்குக் கிடைக்கவில்லை.

ரிக்கியின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. பாடகன் முதலில் என்ன வேலை பார்த்தான்? "கரிப் படகுல கூலி." இரண்டாவது ரெக்கார்டின் கடைசிப் பாட்டில் கிதார் ஏன் இல்லை? "கிதார்காரன் கைய வேன் கதவுல நசுக்கிக்கினான். அதான் மவுத் ஆர்கன வெச்சே ஒப்பேத்திட்டானுங்க." குழு எந்த வருஷம் ஆரம்பித்தது? அதையும் சொன்னாள்.

"அக்கா, நீங்க எங்கேர்ந்து பேசுறீங்க?"

"காசிமேட்லேர்ந்து. எறா ஷெட்டு."

"அதான் ஸ்டுடியோ பூரா மீன் வாசனை வருது!" என்றான் ரிக்கி. பின்னால் யாரோ சிரித்தார்கள். சந்தோஷத்தில் இருந்த ஜூடியும் சிரித்து வைத்தாள். "சரி, இந்த பேண்ட் உங்களுக்கு ஏன் பிடிக்கும்?"

யாரும் அவளிடம் அதுவரை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. போனை இறுகப் பிடித்துக்கொண்டு யோசித்துத்தான் சொன்னாள். அவள் சொன்னதிலிருந்துதான் அந்த மூன்று வார்த்தையை வெட்டி எடுத்து நாயைச் சேர்த்திருந்தார்கள்.

விளம்பரம் மணிக்கு ஒரு தடவை வந்தது. ஷெட்டில், ஷேர் ஆட்டோவில், டீக்கடையில், மாதா கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கிறவனின் சின்ன ரேடியோவில். தெருப் பிள்ளைகள் அவளைக் கண்டால் "கத்துவான்" என்று சொல்லிவிட்டு ஓடின. சாவியோ ரயில்வே யார்டில் கலாசி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தான்.

"யார்டு பூரா ஒன் பேச்சுதான். எஞ்சின் டிரைவரே கேக்குறாரு, ஒன் சம்சாரமான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமான்னேன். இன்னா, கொரலு ரேடியோல வருதேன்னு சந்தோசப்படுவியா..."

"நாய் கொரைக்குதே, அத்த சொன்னியா?"

"தமாசுக்குப் பண்றானுங்க, வுடேன்."

"ஒங்கம்மா பேசும்போது எவனாச்சும் கொரைச்சா வுடுவியா?"

சாவியோ திரும்பிச் சட்டையை ஆணியில் மாட்டினான். கண்ணில் சிரிப்பு மிச்சமிருந்தது. அன்றைக்கு அவள் அவனுக்குச் சோறு போடவில்லை. அவனே போட்டுக்கொண்டான்.

இக்னேஷியஸிடம் போனால் அவன் வேறு மாதிரி எரிந்து விழுந்தான். எஞ்சின் சத்தத்தில் இடது காது போய்விட்ட அவனுக்கு இப்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் காவல் வேலை. விளம்பரத்தை அவன் கேட்கவில்லை. ஊர் சொல்லித்தான் தெரியும்.

"ஒன்ன யாருடி போன் பண்ணச் சொன்னா? இத்தினி வருசம் நம்ம வூட்டுக்குள்ள கீற சாமானு. கொண்டுபோய் நடுத்தெருவுல போட்டுக்கீற. நாய் வராம இன்னா வரும்?"

"பாட்டு கேக்குறேன்னு சொன்னது தப்பா?"

"அவங்க கிட்ட சொன்னது தப்பு."

மூன்றாம் நாள் காலை, பத்து மணிப் பாட்டு முடிந்ததும் கிதார் ஆரம்பித்தது. மேஜையில் இருந்தவர்கள் முன்கூட்டியே சிரிக்கத் தயாராகி அவளைப் பார்த்தார்கள். ஜூடி கையைத் துடைக்கவில்லை. ஜன்னலுக்குப் போனாள், கயிற்றை அவிழ்த்தாள், ரேடியோவைக் குளோரின் தண்ணீர் டிரம்முக்குள் போட்டாள். அது "கத்து" வரைக்கும் சொல்லிவிட்டு மூழ்கியது. அப்பாவு கோபத்தில் குதித்தார். ஒரு வாரம் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார். அவள் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது குப்பம்மா பின்னாலேயே வாசல் வரை வந்தாள்.

"இன்னாமே இதுக்குப் போயி. நாங்களும் அப்டித்தானே பேசுறோம். எங்களுக்கு இன்னா கோவமா வந்திச்சி?"

"அதான்க்கா எனுக்கு வயிறு எரியுது" என்றாள் ஜூடி. "ஒனுக்கு ஏன் வர்ல?"

குப்பம்மா கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள்.

ஜூடி அங்கிருந்து நேராக இரண்டு பஸ் மாறி எஃப்எம் அலுவலகத்துக்குப் போனாள். நகரத்தின் மறுபாதியில், நாலாவது மாடியில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது அது. உள்ளே குளிர். சோபாவில் உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ரிக்கி ஓடி வந்தான். இருபத்து மூன்று வயதிருக்கும். கண்ணாடி, சுருட்டை முடி, நிஜமாகவே மலர்ந்த முகம்.

"அக்கா! வாங்க வாங்க! நீங்க இப்போ செலிப்ரிட்டி. ஊர் பூரா உங்க டயலாக்தான்!"

"அத்த நிறுத்து."

"எத?"

"நாயி."

கூட வந்த நிகழ்ச்சி அதிகாரி நடுத்தர வயதுப் பெண். கைத்தறிப் புடவை, பெரிய பொட்டு, கனிவான குரல். அந்தக் கனிவுதான் ஜூடிக்கு இன்னும் ஆகவில்லை. "இது கிண்டல் இல்லைம்மா" என்றாள் அவள். "உங்க பாஷையில ஒரு உயிர் இருக்கு. பாலிஷ் இல்லாத உயிர். இந்த பேண்டும் அப்படித்தானே? அதனாலதான் ரெண்டையும் சேர்த்தோம். உண்மையில இது உங்களுக்கு நாங்க செய்யிற மரியாதை."

"மரியாதையா? அப்ப நாயி இன்னாத்துக்கு?"

"பேண்ட் பேர்ல டாக்ஸ்னு இருக்கில்லையா..."

"அப்டின்னா அவன் பாடசொல்லோ கொரைக்க வுடு. நான் பேசசொல்லோ இன்னாத்துக்குக் கொரைக்குது?"

அந்த அம்மாள் ரிக்கியைப் பார்த்தாள். ஜூடி விடவில்லை. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்தது தானாக வெளியே வந்தது.

"அவன் ஊர்லயும் அவன் பேச்சு கலீஜுதான். பெரிய மன்சங்க கேட்டா மூக்கப் பொத்துவாங்களாம். எங்கண்ணன் சொல்லிக்கீறான். கரி அள்னவன் வேற எப்டிப் பேசுவான்? அவன் கலீஜு ஒங்களுக்குப் பாட்டு. அதுக்கு மேட போட்டு, டிக்கெட் போட்டு, பாரின்லேர்ந்து கூட்டியார்றீங்க. என் கலீஜு ஒங்களுக்குத் தமாசு. நானும் அவனும் ஒரே வேலக்காரங்கதான். கடலு மட்டும்தான் வேற."

ரிக்கி வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பிறகு கையைத் தட்டினான். "அக்கா, சூப்பர்! சத்தியமா சொல்றேன், சூப்பர்! இத அப்படியே உள்ள வந்து மைக்ல ஒரு தடவை சொல்லிடுங்களேன்? ரெண்டே நிமிஷம்."

அவன் கிண்டல் பண்ணவில்லை என்று ஜூடிக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இவர்களைத் திட்டினாலும் திட்டை வெட்டி எடுத்துப் பின்னால் ஒரு மிருகத்தைக் கத்த விடுவார்கள். அழுதாலும் அப்படித்தான். வாயிலிருந்து எது விழுந்தாலும் இவர்களுக்குச் சரக்கு. இறாலை உரிப்பது போல் உரித்துவிடுவார்கள். ஜூடி வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அவர்கள் என்ன கேட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. விளம்பரத்தைப் பற்றி "பார்க்கலாம்மா" என்றார்கள். ஒரு உறையில் இரண்டு பாஸும், பேண்ட் பெயர் போட்ட பனியனும் கொடுத்தார்கள். பாஸ் அவள் ஜெயித்தது, எடுத்துக்கொண்டாள். பனியனை சோபாவிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் யாருமில்லாத மத்தியானத்தில் கேசட்டைப் போட்டாள். கிதார் ஆரம்பித்தது. அவள் உடம்பு தானாக விறைத்துக்கொண்டு காத்திருந்தது. எதற்கு என்று யோசித்தால், நாய்க்கு. அடுத்த பாட்டைப் போட்டாள். அதிலும் லென் வாயைத் திறப்பதற்குள் காதுக்குள் குரைத்தது. நிறுத்திவிட்டாள். அப்பா குடித்துவிட்டு அடித்த நாட்களிலும் அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாத ஒன்றை, மலர்ந்த முகத்தோடு ஒருத்தன் அரை நிமிஷத்தில் அழுக்காக்கிவிட்டுப் போயிருந்தான். வேண்டுமென்று செய்திருந்தால்கூடச் சகித்திருப்பாள். அவனுக்குத் தெரியவே தெரியாது.

விளம்பரம் நிற்கவில்லை.

எட்டாம் தேதி அவள் போகவேண்டாம் என்றுதான் இருந்தாள். இக்னேஷியஸ் மூன்று மணிக்கே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையுடன் வாசலில் வந்து நின்றான். "பாஸ் ரெண்டு கீதுல்ல?" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. கிளம்பினார்கள்.

ஒரு கல்லூரி மைதானத்தில் கச்சேரி. வெயில் இன்னும் இறங்கவில்லை. இரும்புக் கம்பிகளில் உயரமாகக் கட்டிய மேடை; இரு பக்கமும் ஆளுயரப் பெட்டிகளாக அடுக்கிய ஸ்பீக்கர்கள். நாலைந்தாயிரம் பேர் இருப்பார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். அண்ணனும் தங்கையும் கடைசியில், சவுண்டு ஆட்களின் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றார்கள். ரிக்கி மேடைக்கு வந்து கையை ஆட்டினான். அந்தப் பெட்டிகளிலிருந்து விளம்பரம் புறப்பட்டது.

இதற்கு முன்னால் ரேடியோவில் கேட்டது ஒன்றுமேயில்லை. மைதானத்தின் மேல் அவள் குரல் ஒரு ராட்சசியின் குரலாக எழுந்தது. நாய் யானை அளவுக்கு இருந்தது. ஐயாயிரம் பேர் சிரிப்பது காதில் விழவில்லை. நெஞ்சில் வந்து இடித்தது. இக்னேஷியஸ் நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி, முழுவதும் கேட்டான். அவன் முகம் கறுத்தது.

"இதுவா?"

"இதுதான்."

பிறகு, "நாய் கொரைக்கிறதுல நீ சொன்னதே கேக்கலடி. முழுசா இன்னாதான் சொன்ன?" என்றான்.

இந்தப் பத்து நாளில் ஒருவர்கூட அவளிடம் அதைக் கேட்கவில்லை. ஜூடி அண்ணனின் நல்ல காதுப் பக்கம் குனிந்து சொன்னாள்: "மத்தவன்லாம் வலிக்கும்போது அழுவான், இல்லன்னா வலிக்கலன்னு சிரிப்பான். இவன் ரெண்டும் பண்ண மாட்டான். வலிச்சா வலிக்குதுன்னு கத்துவான். அதக் கேட்டா, நம்பளுக்கும் கத்த உரிம கீதுன்னு தோணும். அப்டின்னு சொன்னேன்."

இக்னேஷியஸ் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். "கரீட்டாத்தான் சொல்லிக்கீற" என்றான். "போன் பண்ணது தப்புன்னேன்ல. நான் அப்டி சொன்னதுதான் தப்பு."

மேடையில் ரிக்கி மைக்கைச் சுழற்றினான். "ரெடியா சென்னை? இப்போ இன்னொரு தடவை போடப்போறோம். இந்தத் தடவை நாய் குரைக்காது. நீங்க குரைக்கணும்! நான் மூணு எண்ணுவேன். கிரீக் டாக்ஸ் உள்ளேர்ந்து கேட்டுட்டு ஓடி வரணும்!" கூட்டம் ஓவென்று கத்தியது.

ஜூடி கொட்டகைக்குள் நுழைந்தாள். மேஜை நிறைய பொத்தான்கள். அவற்றின் பின்னால் தாடி வைத்த ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் தொங்கிய அட்டையில் கமாலுதீன் என்று போட்டிருந்தது. பக்கத்தில் சிடி போடும் பெட்டி.

"யாரும்மா, உள்ள வரக்கூடாது."

"அந்த சிடியக் குடு நைனா."

அவன் கை நின்றது. அவளை மேலும் கீழும் பார்த்தான். "நீயாக்கா அது?"

"நாந்தான்."

"நான் மண்ணடிப் பையன்க்கா" என்றான், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவன் போல. "எங்கம்மாவும் இப்டித்தான் பேசும். இத்த காலைலேர்ந்து பத்து வாட்டி ஓட்டிக்கீறேன். இன்னா பண்றது, வேல."

"ஒன் வேல ஒன்னோட. நீ குடுக்க வேணாம். அந்தாண்ட பாத்துக்கோ."

மேடையில் ரிக்கி எண்ண ஆரம்பித்தான். கமாலுதீன் நாற்காலியைத் திருப்பி, தேவையில்லாமல் ஒரு ஒயரை ஆராய்ந்தான். ஜூடி பொத்தானை அழுத்தினாள். தட்டு வெளியே வந்தது. சிடியை எடுத்து முழங்காலில் வைத்து உடைத்தாள். உடைந்த விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது. இறால் முள் குத்தாத இடமில்லாத கை, அவளுக்கு உறைக்கவில்லை.

"மூணு!" என்றான் ரிக்கி.

ஒன்றும் வரவில்லை. முன்வரிசையில் நாலைந்து பையன்கள் குரைத்துவிட்டு, தனியாகக் குரைப்பது தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள். ரிக்கி சிரித்துச் சமாளித்து இன்னொரு தடவை எண்ணினான். மறுபடியும் மைதானம் முழுக்க மௌனம். யாரோ விசிலடித்து, "பாட்டப் போடுங்கடா!" என்றார்கள். அவன் மேடையிலிருந்து குதித்துக் கொட்டகைக்கு ஓடி வந்தான். கமாலுதீன், "சிடி ஓட மாட்டேங்குது சார்" என்றான். ரிக்கி ஜூடியின் கையில் இருந்த இரண்டு துண்டுகளைப் பார்த்தான்.

"அக்கா? நீங்களா? உங்களுக்கு பாஸ் குடுத்தோம். ஆபீஸ்ல உட்கார வெச்சுப் பேசினோம். இதுக்கா?"

"நான் இன்னா பேசினேன், ஒனுக்கு நெனப்பு கீதா?"

"என்னக்கா இது, லைவ் ஷோல..."

"நான் ரேடியோல இன்னா பேசினேன்? முழுசா சொல்லு. நீதான கேட்ட, ஏன் பிடிக்கும்னு? ஐயாயிரம் பேருக்குப் போட்டுக் காமிச்சியே. சொல்லு பாப்பம்."

ரிக்கி யோசித்தான். நிஜமாகவே யோசித்தான் என்பது தெரிந்தது. அந்த மூன்று வார்த்தைக்கு மேல் அவனுக்கு நினைவில்லை.

"தெரியாதுல்ல? நீ கேக்கவே இல்ல. ஒனுக்கு நான் ஒரு சத்தம். எத்தயோ தகரத்தத் தட்னா வர்ற சத்தம் மாதிரி. தோ பாரு, இந்த வாய்ல இனிமே ஒரு வார்த்த ஒனுக்குக் கெடைக்காது. எவ கிட்டயாச்சும் மறுபடி இத்தப் பண்ணா, நாலாவது மாடிக்கு நான் தனியா வரமாட்டேன்."

அவன் முகம் சிவந்தது. வெட்கமா கோபமா என்று அவள் நின்று பார்க்கவில்லை, பார்க்கவும் விடவில்லை. அவன் கையைக் காட்ட இரண்டு காவலாட்கள் வந்தார்கள். ஒருவன் ஜூடியின் தோளைப் பிடிக்கப் போனான். இக்னேஷியஸ் குறுக்கே வந்தான். "கைய எட்றா. நாங்களே போறோம். காலு கீது."

வாசலை நோக்கி நடத்திக்கொண்டு போனபோது பின்னால் பெரிய ஆரவாரம் எழுந்தது. ஜூடி திரும்பினாள். தூரத்தில், கட்டைவிரல் அளவில், வயிறு தள்ளிய ஒரு கிழவன் கறுப்புச் சட்டையில் மைக்கைப் பிடித்து நின்றான். இருபத்து நாலு வருஷம் குரலாக மட்டும் இருந்த மனிதன். காவலாள் நடக்கச் சொன்னான். கேட் பின்னால் சாத்திக்கொண்டது.

வெளியே மதிலோரம் பஸ் ஸ்டாப். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் கிதார் வெட்டத் தொடங்கியது. ஜூடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். லென் பிரிஸ்கோ வாயைத் திறந்தான். குரல் தேய்ந்திருந்தது, உச்சத்துக்குப் போகும் இடத்தில் இரண்டாகப் பிளந்தது. அவன் அதை மறைக்கவில்லை. பிளந்த குரலையே இன்னும் பலமாக எறிந்தான். அந்தப் பிளவு வழியாகத்தான் பாட்டு அவளிடம் திரும்பி வந்தது. பாதிப் பாட்டுக்கு மேல்தான் கவனித்தாள், காதுக்குள் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

"வேற வாசல் கீதா பாக்கட்டுமா?" என்றான் இக்னேஷியஸ். "பாஸு ரெண்டும் இன்னும் என் கையிலதான் கீது."

"வேணாம். இங்கியே கேக்குது."

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் லென் ஏதோ பேசினான். உள்ளே யாரும் சிரிக்கவில்லை, கை தட்டவில்லை. ஒருத்தருக்கும் விளங்கவில்லை போலிருந்தது. இக்னேஷியஸ் நல்ல காதை மதிலில் ஒட்டி வைத்துக் கேட்டான்.

"இன்னா சொல்றான்?"

"முப்பது வருசமா இதே பாட்ட பாட்றியே, ஒனுக்கு சலிக்கலியான்னு எல்லாரும் கேக்குறாங்களாம். கோவம் எப்டிடா சலிக்கும்னு கேக்குறான்."

"அப்டியா சொன்னான்?"

"பாதி காதுல வுழுந்திச்சி. மீதி நானே போட்டுக்கினேன்."

ஜூடி பத்து நாளில் முதன்முறையாகச் சிரித்தாள். சிரித்தாலும் உள்ளே எரிந்தது அணையவில்லை. அணைய வேண்டாம் என்றுதான் அவளுக்கு இருந்தது. திங்கட்கிழமை அப்பாவு முகத்தில் விழிக்க வேண்டும். சாவியோவிடம் பேச வேண்டியது பாக்கியிருந்தது. குப்பம்மாவிடமும். ரிக்கி நாளைக்கு வேறு யாரையாவது கண்டுபிடிப்பான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அடுத்த பாட்டு வேகமானது. அதன் வரிகள் ஒவ்வொன்றும் அவளுக்குப் பாடம். அர்த்தம் பாதிதான் தெரியும்; எங்கே கத்த வேண்டும் என்பது முழுக்கத் தெரியும். கிழிந்த கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி இறுக்கிக்கொண்டு, மதிலைப் பார்த்து நின்று, தொண்டை கிழிய அவளும் பாடினாள். இக்னேஷியஸ் செருப்புக் காலால் நடைபாதையில் தாளம் போட்டான். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கைப்பையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளின் முழங்கையை இடித்து, சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜூடி திரும்பி அவள் கண்ணை நேராகப் பார்த்தாள். பாட்டை நிறுத்தவில்லை. அந்த அம்மாளின் கை மெதுவாக வாயிலிருந்து இறங்கும் வரை பார்த்துக்கொண்டே பாடினாள்.